பூனைக்கடியும் நீர்வெறுப்பு நோயும்

(ஒரு தமிழாசிரியர், உக்குவளை)

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு என்னைக் கேட்டபொழுது, வழக்கம்போல இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்ள எண்ணியிருந்தேன். தமிழாசிரியன் ஒருவனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுவேயாம். ஆயின், என் வலக்கையிலே நான்கு சிறு புள்ளிகளை இட்டுச் சென்ற பூனையொன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. அந்நிகழ்ச்சியால் நான் கற்றவை நம் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் உயிர்காக்கும் செய்திகளாகலாம் என்னுங் கருத்தினால், இலக்கியத்தைப் பிறிதொரு மலருக்கு ஒதுக்கி வைத்து, இதனை எழுதத் துணிந்தேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் மாத்தளைக்குச் சற்று முன்னே அமைந்துள்ளது எங்கள் உக்குவளை. கொக்கோவும் மிளகும் செழித்த தோட்டங்களையும், சுது கங்கையையும், மகாவலி நீர் பொல்கொல்லையிலிருந்து மலைக்குடைவு வழியே வந்து 1976ஆம் ஆண்டு முதலாக இயக்கிவரும் மின்னிலையத்தையும் கண்டவர்கள் இவ்வூரை எளிதில் மறவார். கடைத்தெருவிலும் குடியிருப்புக்களிலும் உணவின் மிச்சம் விழுமிடமெல்லாம் கட்டாக்காலிப் பூனைகளும் உண்டு. அவற்றிலொன்று ஒருநாள் மாலை எங்கள் அடுக்களையிற் புகுந்தது. கதவு சாத்தியிருந்தமையால் அதற்கு வழி கிடைக்கவில்லை. நான் அதனைப் பிடித்து வெளியே விட முயன்றேன். அது திரும்பி என் பெருவிரலின் அடிப்பக்கத்தைக் கவ்விவிட்டுச் சாளரத்தின் வழியே பாய்ந்தோடிற்று. இரத்தம் சில துளிகளே வந்தன.

அயலவர் வந்து கூடினர். ஒருவர், “நாய்க்கடிதான் பொல்லாதது மாஸ்டர், பூனைக்கடிக்கு ஒன்றும் வராது” என்றார். மற்றொரு மூதாட்டி, “மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டுங்கள் தம்பி, விடிந்ததும் ஆறிவிடும்” என்றார். அவர்கள் கூறியது அன்பினாலே. நானும் பாதி நம்பினேன். அவ்வேளையில், நம் கல்லூரியிலே எட்டாந் தரத்திற் பயிலும் அயல்வீட்டுச் சிறுவன் என்னருகே வந்து, மெல்லிய குரலில், “சேர், அந்தப் பூனை போன கிழமை என்னையும் பிறாண்டியது, கொஞ்சம் கடித்தும் விட்டது” என்றான். காற்சட்டையை உயர்த்திக் கணுக்காலைக் காட்டினான். புண் ஏறக்குறைய ஆறியிருந்தது. “வீட்டிற் சொன்னாயா?” என்று கேட்டேன். “இல்லை சேர்; வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்களாம்” என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தபொழுது எனக்கு என் கையின் நோவு மறந்துபோயிற்று. அறியாமையினாலே ஊசிக்கு அஞ்சும் பிள்ளை, அஞ்சத்தக்கதொன்றை ஒரு கிழமை முழுவதும் உள்ளே வைத்திருந்தான். அன்றிரவே அவனுடைய தந்தையாரையும் அவனையும் அழைத்துக்கொண்டு மாத்தளையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றேன். அங்கே வைத்தியர் கூறியவற்றையும், பின்னர் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் முறைப்படுத்தி ஈண்டுத் தருகின்றேன்.

நோயின் இயல்பு

நம் மக்கள் ‘விசர்நாய்க்கடி’ என்றும், தமிழகத்தார் ‘வெறிநாய்க்கடி’ என்றும், சுகாதாரப் பகுதியார் ‘நீர்வெறுப்பு நோய்’ என்றும் வழங்குவது ஒரே நோயையேயாம். நாய் என்னுஞ் சொல் பெயரிலே ஒட்டிக்கொண்டமையால், நாயைத் தவிர்ந்த விலங்குகளால் இந்நோய் வாராதென்னும் தவறான எண்ணமும் மக்களிடையே ஒட்டிக்கொண்டது. சொல்லொன்று பொருளை விளக்குவது போலவே சில வேளைகளில் மறைக்கவுஞ் செய்யும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இந்நோயை உண்டாக்குவது துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவினையுடைய ஒரு வைரசு. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் அது வாழும். கடியினாலோ பிறாண்டலினாலோ தோல் கிழிந்தவிடத்து உமிழ்நீர் படும்பொழுது அது உடலினுள்ளே புகுகின்றது. ஏனைய நோய்க்கிருமிகள் பல குருதியோட்டத்தின் வழியே பரவுவன. இதுவோ நரம்பைப் பற்றிக்கொண்டு, நரம்பின் வழியே முள்ளந்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் மெல்ல ஊர்ந்து செல்வது. மூளையை அடைந்த பின்னர் மீண்டும் நரம்புகளின் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிகளை வந்தடையும். விலங்கின் கடியிலே நஞ்சு இருப்பதன் காரணம் இதுவே.

இப்பயணத்திற்குச் செல்லுங் காலம் ஒரேயளவினதன்று. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரையாகும். ஒரு கிழமைக்குள் நோய் வெளிப்பட்டதும் உண்டு. ஓராண்டிற்கு மேற் கழித்து வெளிப்பட்டதும் உண்டு. தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களிற் பட்ட கடி மூளைக்கு அண்மையிலிருத்தலின் விரைவிற் கேடு செய்யும். நரம்புகள் செறிந்த கைவிரல்களிற் பட்ட கடியும் அத்தகையதே. சிறுவர்கள் உயரத்திற் குறைந்தவர்களாதலின் அவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கடிபடுதல் மிகுதி.

நோய் வெளிப்படும்பொழுது முதலிற் காய்ச்சலும், தலையிடியும், கடிபட்ட இடத்திலே கூச்சமும் எரிவும் தோன்றும். பின்னர் அமைதியின்மையும் அச்சமும் மிகும். நீரைக் குடிக்க முயலும்போது தொண்டைத் தசைகள் கடுமையாக இழுத்துக்கொள்ளும். நாளடைவில் நீரைக் கண்டாலே இழுப்பு வரும். நீர்வெறுப்பு என்னும் பெயர் இதனாலேதான் வந்தது. சிலருக்கு இவ்வெறி தோன்றாமல், கைகால்கள் சோர்ந்து வாதமாக முடிவதும் உண்டு. இவ்வறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தோர் உலகமுழுவதிலும் மிகச் சிலரே. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வௌவால் கடித்த பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி தடுப்பூசி இன்றியே பிழைத்தமை பெருவியப்பாகப் பேசப்பட்டது. அவளுக்குச் செய்த சிகிச்சையைப் பிறருக்குச் செய்தபோது அப்பயன் பெரும்பாலும் கிட்டவில்லை. ஆகவே, நோய் வந்தபின் மருந்து தேடுதல் வெள்ளம் வந்தபின் அணை கட்டுதலை ஒக்கும். கடியுண்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு.

பூனையின் பங்கு

பூனை நம் இலக்கியத்துக்கும் பழையதோர் உயிர். காட்டுப் பூனையை வெருகு என்றனர் முன்னோர். வெருகின் இளமைப்பெயர் குட்டி எனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். கம்பர் தம் அவையடக்கத்திலே தம்மை ஒப்பிட்டுக்கொண்டதும் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கேயாம். இவ்வளவு பழகிய உயிராதலினாலே அதனிடம் நமக்கு அச்சம் தோன்றுவதில்லை.

நீர்வெறுப்பு நோய் பூனைக்கு இயல்பாக உரியதன்று. நோயுற்ற நாயோ, நரி, கீரி முதலிய காட்டுயிர்களோ கடித்தாற் பூனைக்கு அது தொற்றும். தொற்றிய பூனை நாயைப் போலவே மனிதருக்கும் அதனைத் தரும். இலங்கையில் இந்நோய் கண்டறியப்படும் விலங்குகளுள் நாய்க்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது பூனையே. இரவெல்லாம் வெளியிலே திரிந்து சண்டையிட்டுக் காலையில் வந்து நம் மடியிலே படுக்கும் பூனை, யாரோடு பொருதது என்பதை நாம் அறியோம். நோயுற்ற பூனை குரல் மாறிக் கத்தும். காரணமின்றிப் பாய்ந்து கடிக்கும். அல்லது இருண்ட மூலையிற் பதுங்கிச் சோர்ந்து கிடக்கும். ஆயின், இவ்வறிகுறிகள் தோன்றுவதற்குச் சில நாள் முன்னரே அதன் உமிழ்நீரில் வைரசு வந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. பார்வைக்கு நலமாயிருந்தது என்பது மட்டும் போதிய சான்றன்று.

பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே சிறு புள்ளியாய்த் தோன்றினும் உள்ளே ஆழமாய்ச் செல்லும். அது தன் பாதங்களை நாவால் நக்கித் தூய்மை செய்யும் இயல்பினதாதலின் நகங்களிலும் உமிழ்நீர் படிந்திருக்கும். ஆதலாற் பூனையின் பிறாண்டலையும் வைத்தியர்கள் அற்பமாக எண்ணுவதில்லை. இவையன்றி, பூனையின் வாயிலுள்ள வேறு கிருமிகளாற் கை வீங்கிச் சீழ் கொள்வதும் உண்டு. ஏற்புவலிக்கும் இடமுண்டு. நீர்வெறுப்பு நோயை ஒருபுறம் வைத்து நோக்கினும் பூனைக்கடி வைத்தியரிடம் காட்டவேண்டியதொன்றேயாம்.

பாஸ்டர் கண்ட வழி

பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் இந்நோய்க்கு வழி கண்டவர். நோயுற்ற முயலின் முள்ளந்தண்டு நரம்பை உலர்த்தி, நஞ்சின் வலி குறைந்த மருந்தொன்றை அவர் ஆக்கியிருந்தார். 1885ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி அல்சாஸ் பகுதியிலே ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை விசர்நாயொன்று பல இடங்களிற் கடித்தது. அவனுடைய தாய் அவனை அழைத்துக்கொண்டு 6ஆந் திகதி பாரிசு நகரில் பாஸ்டரிடம் வந்தாள். பாஸ்டர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். மனிதருக்கு அம்மருந்தை ஏற்றுவது தகுமோ என்று அவர் பெரிதும் கலங்கினார். ஈற்றில் வைத்தியர் ஒருவரைக் கொண்டு ஊசி ஏற்றுவித்தார். சில நாட்களுக்குள் பதின்மூன்று ஊசிகள் ஏற்றப்பட்டன. சிறுவன் பிழைத்தான். வளர்ந்தபின் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளாகப் பணிபுரிந்தான். பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆந் திகதியே இன்று உலக நீர்வெறுப்பு நோய்த் தினமாகக் கொள்ளப்படுகின்றது.

தென்னிந்தியாவிற் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் ஒரு பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றது. கசௌலி நிலையத்தில் டேவிட் செம்பிள் என்பார் 1911ஆம் ஆண்டளவில் ஆட்டின் மூளையிலிருந்து மருந்து செய்யும் முறையை வகுத்தார். வயிற்றின் மேலே நாள்தோறும் ஏற்றப்பட்ட நோவு மிக்க ஊசிகள் அம்மருந்தினவே. சிலருக்கு அது நரம்புத் தீங்குகளையும் விளைத்தது. நம் பாட்டன்மார் கண்ட அந்த ஊசிதான் கதையாக வந்து நம் சிறுவனின் வாயை அடைத்தது. அம்மருந்து இலங்கையில் இன்று வழக்கில் இல்லை. இக்காலத்து மருந்து ஆய்வுகூடத்திலே உயிர்க்கலங்களில் வளர்க்கப்பட்டுத் தூய்மை செய்யப்படுவது. மேற்கையிலே ஏற்றப்படுவது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என வைத்தியர் குறித்துத் தரும் சில நாட்களில் ஏற்றினாற் போதும். தோலினுள்ளே சிற்றளவாக ஏற்றும் முறையும் உண்டு. அதன் நோவு ஒரு நுளம்புக்கடியிலும் சற்றே மிகுதி. என் மாணவன், முதல் ஊசி முடிந்ததும், “இவ்வளவுதானா சேர்?” என்று கேட்டான்.

கடியுண்டவர் செய்யவேண்டுவன

முதலாவது, புண்ணைக் கழுவுதல். ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமற் கழுவவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுதல் நன்று. ஏனெனிற் பதினைந்து நிமிடம் என்பது நாம் எண்ணுவதிலும் நீண்டது. சவர்க்காரம் வைரசின் புறவுறையைச் சிதைக்கும். நீர் அதனை அடித்துக்கொண்டு போகும். எந்த வைத்தியசாலைக்கும் போகுமுன் வீட்டிலேயே செய்யத்தக்க இதனினும் பயனுள்ள முதலுதவி வேறில்லை.

இரண்டாவது, செய்யத்தகாதன. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், எண்ணெய் முதலியவற்றைப் புண்ணில் அப்புதல் கூடாது. அவை புண்ணை வருத்தி வைரசு நரம்பை அடைதற்கு உதவக்கூடும். இறுகக் கட்டுதலும் ஆகாது. தையலிடுதலையும் வைத்தியர்கள் இயன்றவரை தவிர்ப்பர். நேர்த்தி வைத்தலும் நூல் கட்டுதலும் அவரவர் நம்பிக்கை. முத்துமாரியம்மன் சந்நிதியிலே நானும் வேண்டிக்கொண்டேன். ஆயின், வழிபாடு ஊசிக்குத் துணையாகலாமேயன்றி ஊசிக்குப் பதிலாகாது.

மூன்றாவது, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல். வைத்தியர் காயத்தை வகைப்படுத்துவார். தோல் கிழியாத இடத்தில் நக்கியது மட்டுமாயின் ஊசி வேண்டியதில்லை. இரத்தம் வராத சிறு கீறலாயிற் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த பிறாண்டல், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ உமிழ்நீர் படுதல் ஆகியவற்றுக்குத் தடுப்பூசியோடு நோயெதிர்ப்புச் சீரமும் வேண்டும். தடுப்பூசி நம் உடலைக் கொண்டே காவற்படையொன்றைத் திரட்டுவது. அதற்கு ஒன்றிரண்டு கிழமைகள் செல்லும். அதுவரை வாயிலைக் காப்பதற்கு வெளியிலிருந்து அழைக்கும் படையே சீரம். அதனைப் புண்ணைச் சுற்றியே ஏற்றுவர். என் கையிலே அது நோவு தந்தது உண்மை. பொறுக்கக்கூடிய நோவுதான்.

நான்காவது, குறித்த நாட்களிற் தவறாது சென்று ஊசிகளை முடித்தல். புண் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்துதல் பெரும் பிழை. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இவ்வூசி விலக்கன்று. இதற்கெனப் பத்தியமும் இல்லை. ஊசி ஏற்றிய அட்டையைப் பத்திரப்படுத்தல் வேண்டும். மீண்டும் ஒருமுறை கடிபட்டால், முன்னர் முழுமையாக ஏற்றிக்கொண்டவருக்குச் சில ஊசிகளே போதும், சீரமும் வேண்டியதில்லை.

நாள் கடந்துவிட்டது என்று சோர்வுற்று வீட்டிலிருத்தலும் ஆகாது. என் மாணவன் ஒரு கிழமை கழித்தே சென்றான். வைத்தியர் அவனைக் கடியாமல், “இன்றைக்காவது சொன்னாயே” என்று தட்டிக்கொடுத்து அன்றே தொடங்கினார். நோய் தோன்றாதவரை, கிழமைகள் சென்றிருப்பினும், மாதங்கள் சென்றிருப்பினும், தொடங்குதலே முறை.

எப்பொழுது காத்திருக்கலாம்?

எல்லாப் பூனைக்கடிக்கும் ஊசி வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். வேண்டியதில்லை. கடித்தது வீட்டிலே வளர்வது, ஒழுங்காகத் தடுப்பூசி பெற்றது, சீண்டியமையாற் கடித்தது என்றால், அதனைக் கட்டிவைத்துக் கவனிக்குமாறு வைத்தியர் கூறக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் இதற்குப் பத்து நாள் கூறுகின்றது. நம் நாட்டிற் பதினான்கு நாள் பார்க்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. கடித்தபொழுது உமிழ்நீரில் வைரசு இருந்திருந்தால், நாயோ பூனையோ அந்நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். நலமாயிருப்பின் அக்கடியால் நீர்வெறுப்பு வாராது. இம்முடிவைச் செய்யவேண்டியவர் வைத்தியரேயன்றி நாமல்லோம்.

எங்கள் பூனையோ ஊரற்றது, ஓடிப்போனது. அதனை அடித்துக் கொல்லவேண்டும் என்று சிலர் தேடினர். அஃது அறமுமன்று, பயனுமன்று. உயிரோடு கண்டிருந்தாற் கவனித்திருக்கலாம். இறந்து கிடந்திருந்தால், புதைத்துவிடாமற் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவித்திருக்கலாம். தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பி, மூளையைச் சோதித்து நோயுண்மையை அறிய வழியிருக்கின்றது. இரண்டும் வாய்க்கவில்லை. அறியமுடியாதவிடத்து நோயுண்டு என்றே கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை.

நம் நாடும் நம் கடமையும்

நம் நாட்டில் இந்நோய் பற்றிய சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். 1975ஆம் ஆண்டிலே தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, நாய்களுக்குத் தடுப்பூசியும் மனிதருக்கு இலவசச் சிகிச்சையும் பரவியபின், அத்தொகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரையாகக் குறைந்தது. உலகளாவிய நிலையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இறக்கின்றனர் என மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். அயல்நாடாகிய இந்தியாவிலேயே இவ்விறப்புக்களுள் ஏறத்தாழ மூன்றிலொன்று நிகழ்கின்றது. கடியால் வரும் இறப்பை 2030ஆம் ஆண்டுக்குள் இல்லாமற் செய்வதென உலக நிறுவனங்கள் இலக்குக் குறித்துள்ளன.

ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது அறிஞர் கண்ட உண்மை. நாயிலே நோய் அற்றால் பூனையிலும் அறும். ஆதலின் ஊரிலே தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளில் நாயை மட்டுமன்றிப் பூனையையும் கூடையிலிட்டுக் கொண்டு செல்லுதல் நம் கடமை. கோயில் வீதியிலும் சந்தையிலும் உணவு மிச்சத்தைக் கொட்டாதிருத்தலும், வேண்டாத குட்டிகளைப் பெருந்தெருவில் விட்டுவராதிருத்தலும் இதன்பாற்படுவனவே.

ஆசிரியர்களாகிய எமக்கு வேறொரு கடமையும் உண்டு. பிள்ளைகள் கடியை மறைப்பது ஊசிக்கு அஞ்சி மட்டுமன்று. பூனையோடு விளையாடியதற்கு அடி விழுமே என்று அஞ்சியுமாம். ஆண்டில் ஒருமுறையாவது வகுப்பிலே இதனை எடுத்துரைத்து, “கடித்தாற் சொல்லுங்கள், சொன்னவரை ஒருவரும் தண்டியார்” என உறுதி கூறல் வேண்டும். பெற்றோரும் அவ்வாறே செய்தல் நலம்.

ஈற்றில் ஒன்று. அப்பூனைக்கு நோய் இருந்ததோ இல்லையோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது; இனியுந் தெரியப்போவதில்லை. சிலர், “ஒன்றும் வரவில்லையே மாஸ்டர், வீணாக ஊசி போட்டீர்கள்” என்கின்றனர். தடுப்பு மருந்தின் தன்மை அதுவே. அது வென்ற போருக்கு வெற்றித்தூண் இல்லை. ஒன்றும் நிகழாமையே அதன் வெற்றி. அச்சிறுவன் நாள்தோறும் காலையிற் புத்தகப் பையோடு என் வாயிலைக் கடந்து கல்லூரிக்குச் செல்கின்றான். எனக்கு அது போதும். இம்மலரைப் படிப்பவருள் ஒருவராவது, தம் பிள்ளையின் காலிலே ஒரு சிறு கீறலைக் கண்டு, “இது எப்படி வந்தது?” என்று அன்போடு கேட்பாராயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.